தள்ளியவனை விட்டுப் போன பஸ்

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் இல்லை, எரிபொருளும் இல்லை. ஓடிய ஒன்றிரண்டு மினிபஸ்களும் மண்ணெண்ணெயில் இருமி இருமித்தான் ஓடின. பிள்ளைகளே, நீங்கள் இப்போது ஏறுகிற பஸ்ஸைப் போல அதை நினைத்துவிடாதீர்கள்.

அன்று காலை, காய்ச்சலில் அனலாய்க் கொதித்த என் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு நீர்வேலியில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோப்பாய்க்குக் கிட்ட இஞ்சின் நின்றுவிட்டது.

“ஆம்பிளையள் எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ!” என்றான் கொண்டக்டர்.

அது வழமைதான். தள்ளாவிட்டால் ஒருவரும் போக முடியாது. பக்கத்தில் இருந்த, குருநகருக்குப் போகிற ஒரு அம்மா, “பிள்ளையை என்ரை மடியிலை விடுங்கோ தம்பி” என்று வாங்கிக்கொண்டார். நான் இறங்கினேன்.

மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். கரும்புகையைக் கக்கிக்கொண்டு இஞ்சின் பிடித்தது. மற்றவர்கள் ஓடிப்போய்த் தொங்கிக்கொண்டார்கள். நான் வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்தேன். தலையை நிமிர்த்தினால் பஸ் போகிறது. உள்ளே என் பிள்ளை!

“நிப்பாட்டு! பிள்ளை உள்ளை!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் கையை விரித்தான். “நிப்பாட்டினா இஞ்சின் நூந்துபோடும் அண்ணை! பின்னாலை வாங்கோ!”

எதில் வருவது? பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. முழங்காலில் இரத்தம். தெருவில் நின்று பைத்தியக்காரனைப் போலக் கத்தினேன். சைக்கிளில் இரண்டு வாழைக்குலைகளைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னைக் கண்டு இறங்கினார். விஷயத்தைச் சொன்னதும் குலைகளை அவிழ்த்து வேலியோரம் சாத்தினார்.

“குலை?” என்றேன்.

“குலை எங்கை ஓடப்போகுது? பஸ்தான் ஓடுது. ஏறுங்கோ!”

அந்த மனிதர் மிதித்த மிதி என் உயிர் உள்ளவரை மறக்காது. இருபாலைச் சந்திக்கு வந்தோம். அங்கே என்ன கண்டேன் தெரியுமா? பஸ் நிற்கிறது! இஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. “கெதியா ஏறுங்கோ, இடமிருக்கு!” என்று கொண்டக்டர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையைப் பிரிந்து நின்ற தகப்பனுக்காக நிற்க முடியாத பஸ், புதிதாய்ச் சேரும் காசுக்காக நின்றது.

வாசலில் குருநகர் அம்மா, அழுது தொண்டை அடைத்துப்போன என் மகளை அணைத்தபடி அவனைக் கிழித்துக்கொண்டிருந்தார். “உன்ரை பிள்ளையெண்டா உப்பிடி விட்டிட்டு வருவியோடா?”

“பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே. பேந்தென்ன சத்தம்?” என்றான் அவன். சாரதி திரும்பியும் பார்க்கவில்லை.

அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். மகள் தாவி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சூட்டில் கை தாழ்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வேறு வழி இல்லாததால் அதே பஸ்ஸில்தான் ஏறினேன். சைக்கிள்காரருக்கு ஒழுங்காக நன்றி சொல்லக்கூட நேரமிருக்கவில்லை. மகள் தேறிவிட்டாள், எனக்குக் கோபம் தேறவில்லை.

இப்போது நகரம் பெருத்துவிட்டது, பஸ்களும் பளபளக்கின்றன. ஆனாலும் கைகாட்டும் பள்ளிப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் விட்டுவிட்டுப் பறக்கிற பஸ்ஸைக் காணும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஏலாதவருக்காக ஒரு நிமிடம் நிற்காத வண்டியை, அது எவ்வளவு புதிதாக இருந்தாலும், ஊருக்கான பஸ் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.