தலைமையாசிரியர் அமினோ அமிலமான கதை

உயிரியல் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் புரோட்டீன் டீச்சர் என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. செல்லுக்குள் புரதம் உருவாகும் பாடம் வந்தால் அவருக்குக் கண் மின்னும், வகுப்புக்குக் கண் சொருகும். வீட்டிலும் விடமாட்டார். அம்மா துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது, தன் நகலைத்தான் அனுப்பும் என்று ஆரம்பிப்பார்.

"அது வராட்டிப் போகுது. நீ எந்திரி, துண்டு மேல உக்காந்திருக்க" என்பார் அம்மா.

ஒரு வருடம் அறிவியல் கண்காட்சிக்கு இந்தப் பாடத்தையே மைதானத்தில் நடித்துக் காட்டுவது என்று டீச்சர் முடிவெடுத்தார். நகலாகப் பிள்ளைகள் ஒரு வரிசை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஏ, யூ, ஜி, சி என்று ஓர் எழுத்து. வரிசைக் கடைசியில் மாற்று ஆட்களாகச் சிலர், அவர்களுக்கும் எழுத்து உண்டு. கோத்தால் புரதமாகும் அமினோ அமிலங்களாக, ஓரமாக இன்னும் சில பிள்ளைகள். புரதம் தயாரிக்கும் ரைபோசோமாக பி.டி. மாஸ்டர். தொழிற்சாலை என்று சொன்னால் நம்பும்படியான உடம்பு அவருக்குத்தான் இருந்தது.

மும்மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றுக்கொரு விசில் ஊத வேண்டும். விசிலுக்கு ஒரு பையன் ஓடிப்போய் ஓர் அமினோ அமிலத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சங்கிலியில் சேர்ப்பான். வெறுங்கையோடு வரக்கூடாது. யூ, ஏ, ஏ என்று மூன்றும் ஒன்றாக வந்தால் நிறுத்திவிட வேண்டும். மாஸ்டர் கட்டளையை மீறாதவர்.

பாதியில், நடுவில் நின்ற சி தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இடைவெளி விழுந்தால் நெருங்கி நிற்க வேண்டும் என்று மாஸ்டரே பழக்கியிருந்ததால் பிள்ளைகள் நெருங்கி நின்றார்கள். அங்கிருந்து ஒவ்வொரு மூன்றும் ஓர் எழுத்து தள்ளிப் போனது. அமிலங்கள் தப்பும் தவறுமாகச் சேர்ந்தன. முடிவில் வர வேண்டிய யூ முந்தின மூன்றோடு ஒட்டிக்கொள்ள, நிறுத்தும் அடையாளமே வரவில்லை. மாஸ்டர் மாற்று ஆட்களையும் படிக்க ஆரம்பித்தார்.

அமினோ அமிலங்கள் தீர்ந்துபோயின. விசில் தீரவில்லை. பையன்கள் கையில் கிடைத்தவர்களை இழுத்துவந்தார்கள்: முதலில் காவலாளி, பிறகு மைக் செட்காரர், கடைசியில் தலைமையாசிரியர். அத்தோடு எழுத்துகள் முடிந்தன. மாஸ்டர் தலைமையாசிரியரின் கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"கைய விடுங்க சார்" என்றார் தலைமையாசிரியர், அடங்கிய குரலில்.

"யூ ஏ ஏ வரலையே சார்."

டீச்சருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஓர் எழுத்து போனால் புரதமே வேறாகிவிடும் என்பதை எத்தனை வருடம் தொண்டை கிழியச் சொல்லியிருப்பார்! மைக்கில் அதை விளக்கி முடித்த பிறகுதான் மூன்று பிள்ளைகளை யூ, ஏ, ஏ என்று சரியாக நிறுத்தி, தலைமையாசிரியரை மீட்டார்.

அந்த வருடப் பரீட்சையில் இந்தப் பாடத்துக் கேள்வியை ஒருவரும் விடவில்லை. சிலர் மட்டும், தலைமையாசிரியர் ஓர் அமினோ அமிலம் என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் அரை மதிப்பெண் போட்டார்.

கண்காட்சிக்கு மறுநாள் மதியம் மாஸ்டர் டீச்சரிடம் வந்து நின்றார். "டீச்சர், அந்த நகல் வேலை முடிஞ்சதும் எங்க போகும்?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. மணி அடித்தது, இரண்டு பேரும் நகரவில்லை. அடுத்த வருடம் கல்யாணம். அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது, போன வாரம்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வந்திருக்கிறார்களாம்.