அர்த்தனாரி தண்ணீர் ஊற்றிய கொடிகள்

அர்த்தனாரிக்குப் பொறுமை கிடையாது. எங்கள் பக்கத்துக் காட்டுக்காரன், நல்ல மனுஷன்தான். ஆனால் வானத்தோடு மல்லுக்கு நிற்பவனை என்ன செய்ய? போன வருஷம் ஆனி மழை ஏமாற்றி மிளகு கைவிட்டதும், அவன் பெண்டாட்டி சுகுணா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். "அடுத்த வருசம் மிளகு புடிச்சா வந்தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கொல்லிமலையில் சித்திரை மாதம் மிளகுக்கொடிக்கு நாங்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை. இலை தொங்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். இருந்தாலும் விட்டுவிடுவோம். காய்ந்து கிடந்த கொடிதான் ஆனி மழை விழுந்ததும் ஒரே மூச்சில் பூச்சரம் விடும். இந்தச் சித்திரையில் ஒரு சொட்டு மழை இல்லை. பலாப்பிஞ்சுகூடக் கறுத்து உதிர்ந்தது. அர்த்தனாரிக்கு மனசு கேட்கவில்லை. பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அறுபது கொடிக்கும் ஊற்றினான்.

"வேண்டாம்டா, மழைன்னு நெனச்சுக் கொடி ஏமாந்துரும்" என்றேன்.

"உன்ற கொடி சாவட்டும். என்ற கொடி பொழைக்கும்" என்றான்.

பிழைக்கத்தான் செய்தது. வைகாசி பிறந்தபோது எங்கள் ஊரிலேயே அவன் காட்டில் மட்டும் சரம் தொங்கியது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்? அன்றே சுகுணாவுக்கு போன் போட்டு, "சரம் வந்துருச்சு புள்ள, கெளம்பற வழியப் பாரு" என்றான்.

பத்தே நாளில் ஊற்று வற்றியது. சரங்கள் மஞ்சளாகிக் கொட்டின. அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று என்னிடம் தினமும் சொன்னான்.

ஆனியில் மழை ஒரு வாரம் நின்று பெய்தது. எங்கள் கொடிகளில் சரம் வந்தது. வருஷத்துப் பூவை முன்னாலேயே கொட்டிவிட்ட அவனுடையவை வெறும் இலையாக நின்றன. அவன் மழைக்கு என் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது சுகுணா போனில் கூப்பிட்டாள்; அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, மழச் சத்தம் கேக்குதே! வேலைய விட்டு நின்னுக்கறேன்னு கம்பெனில சொல்லிட்டேனுங்க. நாளைக்கு வந்தர்றேன்."

அர்த்தனாரி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொரு வருசம் இருந்துட்டு வா புள்ள."



"சரிங்க. திரும்பச் சேத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றாள். பிறகு, "மழ நல்லாப் பேயுதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாப் பேயுது" என்றான்.