சாம்பல் தொட்ட முடிச்சு

மகளின் ஷட்டில் வலை அறுந்ததும் என் விரல்கள் சாம்பலைத் தேடின. அடுக்குமாடியில் சாம்பல் ஏது? முகப்பவுடரைத் தொட்டுக்கொண்டு முறுக்கினேன்.

ஆரணிப் பள்ளி விடுதியில் சேர்ந்த புதிதில் என்னை எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று செய்யாறு பள்ளியோடு வாலிபால் போட்டி. அவர்கள் பஸ் வாசலில் வந்து நிற்கிறது, எங்கள் வலையோ நடுவில் கிழிந்து தொங்குகிறது. எங்கள் விடுதியில் இருந்த முள்ளிப்பட்டுத் தறிவீட்டுப் பெண் கல்பனா, சமையற்கட்டிலிருந்து சாம்பலை அள்ளிவந்தாள். வீட்டில் பட்டு இழையை வழுக்காமல் பிணைக்க அதைத்தான் தொட்டுக்கொள்வார்களாம். விடுதியே வலையைச் சுற்றி உட்கார்ந்தது.

"பார்த்துகினு நிக்காத புதுசு. சாம்பல் தொட்டு முறுக்கு, ஜல்தி" என்றாள் கல்பனா.

நான் போட்டது ஒரே முடிச்சு. முதல் பந்தே அதில் வந்து மோதியது. வலை தாங்கியது.

"மல்லிகா போட்ட முடிச்சுடி அது" என்று கத்தினாள் கல்பனா. என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.