நசீம் பானு வாசித்துக் காட்டிய கடிதம்

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினாள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். நசீம் பானு அப்படிச் செய்ய நினைத்திருந்தால், அதைவிட லேசான காரியம் இந்தத் திண்டுக்கல்லிலேயே கிடையாது. அவளுடைய அத்தா நைனா முகமதுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. மகள் எதை நீட்டினாலும், எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுப் போட்டுவிடுவார். ஆறு வருஷம் அப்படித்தான் போட்டார். அவர்கள் குடியிருந்த பேகம்பூரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சே கிளம்பியது. நடந்தது வேறு.

எட்டாம் வகுப்புப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். வந்த கையோடு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பெரியவளாகிவிட்டவளுக்கு வாசற்படிக்கு வெளியே என்ன வேலை? கிணறு, அடுப்படி, மாடி, மறுபடி கிணறு. அடுத்த வருஷம், அத்தாவின் தோல் மண்டியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சாகுல் ஹமீது பினாங்குக்குக் கப்பல் ஏறினார். மெட்ராஸ் கம்பெனிகளின் கடிதமெல்லாம் இங்கிலீஷ். மண்டியில் படிக்க ஆளில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் சடையாண்டி, காலித் தூக்குச்சட்டியோடு அதே பையில் கடிதங்களையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் சால்னா வாசம். நசீம் பானு படித்துச் சொல்வாள், அத்தா சொல்வதை இங்கிலீஷில் எழுதுவாள்.

தெரியாத சொல் வந்தால், சாகுல் ஹமீது விட்டுப்போன அட்டை கிழிந்த அகராதியைப் புரட்டுவாள். பொருள் தெரிந்தால் அவளுக்குப் போதாது. அந்தச் சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுதவேண்டும், மூன்றும் நிஜமாக இருக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம். நிஜத்துக்கு அவள் எங்கே போவாள்? கண்ணில் பட்டது அந்த வீடு ஒன்றுதான். ‘இன்எவிட்டபிள்’ என்றால் தவிர்க்க முடியாதது. நாளைக்கும் வெங்காயம் உரிப்பது இன்எவிட்டபிள் என்று எழுதினாள். ‘மொனாட்டனஸ்’ என்றால் ஒரே மாதிரி சலிப்பூட்டுவது. அதற்கு மூன்றென்ன, ஒரு பக்கமே எழுதினாள்.

என். பானு என்ற குமாஸ்தா ஆண்பிள்ளை என்றே மெட்ராஸ்காரர்கள் நினைத்தார்கள். உங்கள் குமாஸ்தா ‘இன்டிஸ்பென்சபிள்’, அவர் இல்லாமல் உங்களுக்கு ஆகாது என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தது. அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு அவள் எழுதினாள்: கிணற்றுக்குக் கயிறு இன்டிஸ்பென்சபிள். சால்னாவுக்குத் தேங்காய் இன்டிஸ்பென்சபிள். மண்டிக்கு நான் இன்டிஸ்பென்சபிள். எழுதியதைத் திரும்ப ஒரு தரம் வாசித்தாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அத்தா ஏன் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு வயது இருபத்தொன்று ஆகியிருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், அவளுக்குப் பாடம் சொன்ன செபாஸ்தியம்மாள் டீச்சரின் சிபாரிசில், மதுரையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அத்தாவுக்குக் கடிதம் வந்தது. விடுதியோடு இடம் தருகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அதுவும் அந்தப் பையில்தான் வந்தது. ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னாள்.

“மகளுக்கு இஷ்டமில்லைன்னு எழுதும்மா” என்றார் அத்தா.

அது மண்டிப் பழக்கம். சரக்குக் கொடுக்க மனமில்லையென்றால், தனக்கு மனமில்லை என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. கூட்டாளிக்கு இஷ்டமில்லை என்பார்கள். நைனா முகமதுக்குக் கூட்டாளியே கிடையாது. இல்லாத அந்த மனிதர் பேரில் அவளே எத்தனையோ கடிதம் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். இப்போது அந்த இடத்தில் அவளையே உட்கார வைத்து, அதையும் அவள் கையாலேயே எழுதச் சொன்னார்.

எழுதினாள். அவர் பேனாவைத் திறந்து, எங்கே போடணும் என்றார். முதலில் வாசிக்கிறேன் என்று சொல்லி வாசித்தாள். என் தகப்பனாருக்கு இஷ்டமில்லை; எனக்கு இஷ்டம். இரண்டே வரி.

“இதுல நான் எப்படிம்மா போடுறது?”

“போட வேணாம்த்தா. வாசிக்காம நீட்டியிருந்தா போட்டிருப்பீக. அப்படி வாங்கிட்டுப் போக எனக்கு மனசில்ல.”

அவர் கோபித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. தனியாக எப்படி இருப்பாய் என்றும் கேட்கவில்லை.

“அப்ப மண்டிக்கு யாரு எழுதுறது?” என்றார்.

அவள் கடிதத்தின் அடியில் தன் பேரை எழுதி, அவர் பார்க்கவே சடையாண்டியிடம் தபாலுக்குக் கொடுத்தாள். வயது வந்த பெண்தானே, ஜூன் நாலாம் தேதி நேரில் வந்தால் போதும் என்று பதில் வந்தது. அதையும் வாசித்துச் சொன்னாள். அத்தா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மண்டிக் கடிதங்கள் வந்து வந்து அவள் எழுதும் பலகையில் கிடந்தன. எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். ஒன்றை எழுதினால் இன்னும் ஒரு மாதம் என்று இருந்துவிடுவோம் என்ற பயத்தில் மாடிக்குப் போய்விடுவாள்.

ஜூன் நாலாம் தேதி காலை அத்தா மண்டிக்குப் போகவில்லை. வாசல் நடையில் நாற்காலியைப் போட்டு, காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகவேண்டும். அம்மா ரம்ஜான் பீவி பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். நசீம் பானு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் கையில் மெட்ராஸ் கடிதம் ஒன்று, பிரிக்காமலே இருந்தது. நீட்டினார்.

“இத மட்டும் வாசிச்சுட்டுப் போ.”

அவள் அதை வாங்கவில்லை.

“பஸ்ஸு போயிரும்த்தா.”

அவர் கடிதத்தை மடியில் வைத்தார். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். அவள் பெட்டியோடு படியிறங்கினாள்.