அத்தை நிறுத்திய இடம்

மலாக்காவில் ஒரு மாதா கோயிலில் கச்சேரிக்கு மகள் கூட்டிப்போயிருந்தாள். பல நூற்றாண்டுப் பழமையான லத்தீன் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். அதை ஒட்டி, இந்தக் காலத்தில் எழுதிய வயலின் இசை ஒன்றை வாசிப்பார்கள். இப்படியே மாறி மாறி. அவர்கள் பாடிய இரண்டாவது லத்தீன் பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டு. சின்ன வயதில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தகரக் கூரை போட்ட கோயிலில் நாங்கள் பாடியது.

எங்களுக்குப் பாட்டை எடுத்துக் கொடுப்பது அத்தை. சேலையில் ரப்பர் பால் வாடையும் தைல வாடையும் கலந்து வரும். அத்தைக்கு இழுப்பு. நீளமான மூன்றாவது வரியின் நடுவில் மூச்சு வாங்கும். அது அடங்கும்வரை எல்லோரும் நிறுத்திக் காத்திருப்பார்கள், பாட்டே அப்படித்தான் என்பதுபோல.

பூசை வைக்க டவுனிலிருந்து வந்த சாமியார் ஒருமுறை சொன்னார்: “அங்க நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சுல பாடணும்.”

“சரிங்க சாமி,” என்றார் அப்பா. அடுத்த ஞாயிறும் அங்கேயே நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தையை அடக்கம் செய்த அன்று அதே பாட்டைப் பாடினோம். மூன்றாவது வரியில், இனி எதற்கு நிறுத்த வேண்டும் என்று நான் மேலே பாடிக்கொண்டு போனேன். கூட ஒருவரும் வரவில்லை. என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

கச்சேரியில் பாடியவர்கள் அந்த வரியை ஒரே மூச்சில் கடந்தார்கள். கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த நான் நடுவில் நின்றேன்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?” என்றாள் மகள் மெதுவாக.

“இருலா, அத்தை வரட்டும்.”