கொள்ளுத்தாத்தாவின் வேட்டி

எத்தனை வயதுக்கு மேல் ஒருவர் தன் அப்பாவுக்காக அழக்கூடாது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. எட்டு வயதில் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சேலையூரில் என் கொள்ளுத்தாத்தா தொண்ணூற்றேழு வயதில் இறந்தார். தொண்ணூற்றேழு என்பது குடும்பம் ஒருவழியாக ஒப்புக்கொண்ட கணக்கு. அவருக்குப் பிறந்த தேதி கிடையாது. ஏரி உடைந்த வருஷம் தனக்கு மீசை அரும்பியது என்பார். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தபோது தன் மூத்த பிள்ளை கைக்குழந்தை என்பார். அந்தப் பிள்ளைதான் என் தாத்தா.

அவ்வளவு காலம் வாழ்ந்தவர் போனால் அது கல்யாணச் சாவு. காலையிலேயே மேளம் வந்துவிட்டது. பட்டாசு வெடித்தது, மாமாக்கள் தெருவில் ஆடினார்கள். யாரும் அழக்கூடாது என்று பெரிய அத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை என்னுடையது. வீட்டிலும் யார் அழுகிறார்கள் என்று கண்காணித்தபடி சுற்றிவந்தேன்.

கேம்ப் ரோடு பக்கத்திலிருந்து பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து நின்றார்கள். நெடுநாள் வாழ்ந்தவரின் வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினால் அந்த ஆயுசு பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. பெரிய அத்தை பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து வந்தார்.

"அது வேணாம்க்கா. கடசியா கட்டிகினு இருந்தாரே, அதான் வேணும்" என்றாள் ஒருத்தி.

"கொடியிலதான போட்டேன், எங்க போச்சு?"

வேட்டி வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் மடியில் இருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அத்தை வாசற்படியைத் தாண்டவில்லை. என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

"நான் கேட்டா எங்கப்பா திட்டுவாரு. நீ போ. உன்னாண்ட குடுத்துடுவாரு."

நான் போய் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"தாத்தா, அழக்கூடாது. இது கல்யாணச் சாவு. வேட்டியைக் குடுங்க, பாப்பாங்கல்லாம் வெயில்ல நிக்குது."

"முழுசும் வேணுமா கண்ணு?"

"முழுசும்."

அவர் தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேட்டியை நீட்டினார். "தோய்க்க வேணாம்னு சொல்லு. எங்கப்பா சுருட்டு வாசன இன்னும் கீது."

அத்தை அதைப் பட்டை பட்டையாகக் கிழித்தார். முதல் துண்டு என் மணிக்கட்டில் ஏறியது. தாத்தாவின் அழுகையை நிறுத்தியவள் நான் என்று பள்ளியில் ஒரு வாரம் பெருமை பேசினேன்.

இன்று எனக்கு நான்கு வயதில் ஒரு மகன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டரில் பார்த்தும் நம்பாமல் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வெயிலில் நானும் வரிசையில் நின்றிருப்பேன். அதனால் அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியவில்லை.

தாத்தாவுக்கு இப்போது தொண்ணூற்று நான்கு. முடிச்சூரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். போன வாரம் நாங்கள் எல்லோரும் அங்கே போயிருந்தோம். "இவருக்கு டபுள் மேளம் வெச்சுடலாம்" என்று சித்தப்பா கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், தாத்தாவும் சிரித்தார். என் அப்பா மட்டும், அறுபத்தாறு வயதுக்காரர், தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

அன்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தாத்தாவாக மட்டுமே தெரிந்தார். அவரும் யாரோ ஒருவருக்குப் பிள்ளை என்பது அந்தச் சிறுமிக்குப் புரியவில்லை.

பாதியையாவது உங்களிடமே விட்டிருக்க வேண்டும் என்று தாத்தாவிடம் சொல்ல ஆசை. ஆனால் இந்த வயதில் அவரிடம் சாவுப் பேச்சை எடுப்பதா? அவர் மறந்திருந்தால், ஆறிய புண்ணை நானே கிளறியதாகாதா? பேசாமல் விடு என்கிறார் என் கணவர். இப்படி வயதானவர்களோடு வாழ்கிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சொல்லலாமா? சொல்வதென்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது?