ஈரத்துணியோட வீடு பாக்கப் போனோம்

"சிரிக்காதீங்க மாப்ள! வீடு காட்டுற தொழில்ல சாவிய மறந்தாலும் ஈரத்துணிய மறக்கக் கூடாது!"

எங்க மாப்ள நம்பல. மலையில அட்டன் பக்கம் வீடு தேடி அலைஞ்ச நீங்க நம்புவீங்க. இங்க மழை புடிச்சா, தொவைச்ச சட்ட அஞ்சு நாளானாலும் காயாது. அதான் வீடு பாக்க வர்றவங்கள, புழிஞ்ச துணி ஒண்ணு கொண்டாரச் சொல்லுவேன். காலையில உள்ள போட்டு, சாயங்காலம் தொட்டுப் பாக்கணும்.

இன்னிக்கி என் மக செல்விக்கே வீடு. ரெட்டப் புள்ள, ஆறு மாசம். வாடக ரூம்ல ஈரத்துணி கட்டிக் கட்டி ரெண்டுக்கும் சளி. டிக்கோயாவுல வெள்ளக்கார துரை காலத்துப் பங்களா, மக ஆசப்படுறா. டவுனுக்குள்ள புது கொங்கிரீட்டு வீடு, மாப்ள ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பொழுது சாயறதுக்குள்ள எந்த வீடுன்னு சொல்லணும், வேற ஆளு காத்திருக்கு.

டீச்சரம்மா வீடு

வட்டகொடையில ஒரு டீச்சரம்மா. அவங்க அக்கா கல்யாணத்துல நான் போட்ட சண்ட தனிக் கத, விடுங்க. துணி வச்சுப் பாக்காமலே புது வீடு எடுத்தாங்க. மூணு ரூம், ரூமுக்குள்ளயே பாத்ரூம். ஒரு மாசங்கழிச்சு போய்ப் பாத்தா டீவி மேல சேல, கதவு மேல சட்ட, சாமிப் படத்துக்குக் கீழ காலுறை! டீச்சரம்மா என்னப் பாத்து அழாக்கொறையாச் சொன்னாங்க:

"ஆச்சி, வீட்டுல எல்லா வசதியும் இருக்கு, காஞ்ச உள்பாவாட மட்டும் இல்ல!"

கிளாக்கரய்யா அடுப்பு

பழைய வீடெல்லாம் ஒசத்தின்னு சொல்ல வரல. அக்கரப்பத்தனையில தோட்டத்துக் கணக்கெழுதுற கிளாக்கரய்யா ஒருத்தரு, பழைய பங்களா ஹோலுக்குள்ள இருந்த குளிர்காயற அடுப்பப் பாத்தே மயங்கிட்டாரு. அவரும் துணி கொண்டாரல. பால் காச்சுன அன்னிக்கி ஜம்பமா மூட்டுனாரு. சிம்னிக்குள்ள பூரா குருவிக்கூடு! வந்த சனம் அம்புட்டும் இருமிக்கிட்டே வாசலுக்கு ஓடுச்சு. அவரு சம்சாரம் கண்ணத் தொடச்சுக்கிட்டே சொல்லிச்சு:

"துரை அடுப்ப வச்சிட்டு, பொகை போற வழிய மட்டும் கையோட கொண்டு போயிட்டாரு!"

ரெட்டப் புள்ளைக துணி

காலையில மாப்ள கையாலயே வீட்டுக்கொரு துணி போட்டோம். பங்களா அடுப்புல வெறகு வச்சு மூட்டுனேன். கிளாக்கரய்யா வீட்டுக் குருவிக்கூட நெனச்சுக்கிட்டே அண்ணாந்து பாத்தேன். பொகை நேரா மேல ஏறுச்சு பாருங்க, கை தட்டிட்டேன்!

நாலு மணிக்குப் போனோம். புது வீட்டுத் துணி சொட்டுது. பங்களாத் துணி அப்பளமாட்டம் நிக்குது.

"இது நாயமில்ல அத்த! இங்க நெருப்பு மூட்டுனீங்க, அங்க மூட்டலியே?"

"அங்க எங்க மூட்டுறது மாப்ள, டைல்ஸ் மேலயா?"

மாப்ள அந்தத் துணிய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டாரு. பங்களாவுல பாத்ரூம் பின் வாசலத் தாண்டி, மழையில நனைஞ்சுதான் போகணும். அதையும் பாத்தாரு. அப்பறம் செல்விகிட்ட மெல்லச் சொன்னாரு:

"நீ புள்ளைகளத் தூக்கிக்க, கொடைய நான் புடிக்கிறேன்."

ஊருக்கெல்லாம் துணி காயற வீடாப் பாத்துக் குடுத்த எனக்கு, என் வீட்டுல இன்னமும் வாசக்கொடிதான் கதி. ஐயோ, தூறுது! அடியே செல்வி, கொடியில கெடக்குற என் சேலைய உள்ள எடுத்துட்டு வாடி!